ஆற்ர வான்?

லாம்பை அணைத்து வெகுநேரமாகியும் துஷ்யந்திக்கு நித்திரை வரவில்லை.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும். ஏசாதேங்கோ."

"சொல்லு பிள்ளை."

"மத்தியானம் பிரதேச சபையில இருந்து ஒருத்தர் வந்தவர். றோட்டுக்கரையில நிக்கிற எங்கட வானைக் காட்டி, ஆற்ர எண்டு கேட்டவர். நான் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அப்பா பழுதான வானை அங்கே விட்டுவிட்டு, அதற்குச் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போய் எட்டு மாதம். சண்டையால் பாதை பூட்டியதில் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"ஏனடி அப்பிடிச் சொன்னனீ?"

"லைசென்ஸ் முடிஞ்ச வாகனத்துக்கு வழக்குப் போடுவினமாம். உங்களைக் கூட்டிக்கொண்டு போயிடுவினமெண்டு பயந்திட்டன். அவர் 'கைவிடப்பட்ட வாகனம்' எண்டு எழுதிக்கொண்டு போயிட்டார். விடிய உழவு மெசினில கட்டி இழுக்கப் போகினமாம்."

இருட்டில் அம்மா சிரிப்பது கேட்டது.

"ஓடாத வானைக் கள்ளன்கூட எடுக்கேல்லை. சபைக்கு ஆசையைப் பார்." பிறகு சிரிப்பு நின்றது. "கொப்பர் சாமானோட வந்து, வான் எங்கை எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

துஷ்யந்தி அழத் தொடங்கினாள்.

"அழாதை. வழக்குப் போட்டாப் போடட்டும். கைவிட்டதெண்டு மட்டும் எழுத விடேலாது."

பெட்டியைத் தடவிப் பழைய லைசென்ஸ் கடதாசியை எடுத்த அம்மா, பாயையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"வா, வானுக்குள்ள படுப்பம். விடிய வாறவைக்கு நீயே சொல்லு, ஆற்ர வானெண்டு."

அந்த ஒரு வசனத்தைத் துஷ்யந்தி விடியும்வரை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உழவு மெசின் சத்தம் கேட்டபோது, அம்மாவுக்கு முதல் அவள்தான் கதவைத் திறந்து இறங்கினாள்.