டம்ளருக்கு அடியில் ஒரு சீட்டு

1

இந்தக் கதை ஒரு சுவர்க் கடிகாரத்தின் மேல் எனக்கிருந்த பேராசையில் பிறந்தது. மனித மனத்தின் ஆழம் அது இது என்று கௌரவமாக ஆரம்பித்திருக்கலாம். அப்படி இரண்டு தடவை ஆரம்பித்துக் கிழித்தும் போட்டாயிற்று.

முதல் தொடக்கம்: "அஸ்தினாபுரத்தின் மேல் சனிக்கிழமை வெயில் ஒரு..." (ஒரு என்ன? தெரியவில்லை. வெயில் வெயிலாகத்தான் இருந்தது.)

இரண்டாவது தொடக்கம்: "உண்மை என்பது யாதெனில்" (இதை எழுதியதற்காக என்னோடு நானே இரண்டு நாள் பேசவில்லை.)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அஸ்தினாபுரத்தில் ஒரு கல்லூரி, அதன் மாடியில் ஒரு சின்ன வானொலி நிலையம். (கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். மறுபடி கூப்பிடுவார்கள் என்ற நப்பாசை இன்னும் போகவில்லை.) சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரலையில் 'அண்டப்புளுகு' என்று ஒரு நிகழ்ச்சி. அங்கேயே படிக்கும் ஜாஸ்மின்தான் நடத்துகிறாள்.

மூன்று பேர் உட்காருவோம். ஆளுக்கொரு சீட்டு. ஒன்றில் 'மெய்', இரண்டில் 'பொய்'. மெய் வந்தவர் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், மற்ற இருவரும் புளுக வேண்டும். சீட்டை அவரவர் தண்ணீர் டம்ளருக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஐந்து நேயர்கள் போன் செய்து, யார் சொன்னது மெய் என்று சொல்வார்கள். அதிகம் பேர் நம்பியவருக்குச் சுவர்க் கடிகாரம். சமமாக வந்தால் மெய்ச் சீட்டு வைத்திருப்பவருக்கு. கடைசியில் ஜாஸ்மின் சீட்டுகளைத் திறப்பாள். ஏமாந்த நேயருக்கு ஒரு கழுதை கத்தும் சத்தம் போடுவாள்.

அந்தக் கழுதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் சாமுண்டீஸ்வரி. முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். போன சனிக்கிழமைக்கு முன்புவரை இந்த நிகழ்ச்சியில் ஒன்பது வாரம் பேசி ஒரே ஒரு ஓட்டு வாங்கியவள். அதுவும் ராங் நம்பர்.

எனக்கு வலது பக்கம் ஏகநாதன். திருநீர்மலைப் பக்கம் நிலம் நீச்சு இருந்த குடும்பம், இப்போது நான்கு கடை வாடகை. கதைக்கு இவர் தேவையே இல்லை. இரண்டு முறை வெட்டிப் பார்த்தேன். ஆட்டத்துக்கு மூன்று பேர் வேண்டுமென்பதால் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இடது பக்கம் சவுரிமுத்து. குரோம்பேட்டையில் பிரிட்ஜ் மெக்கானிக். 'கம்ப்ரஸர் போச்சு' என்று அவர் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்த்தால், பிரிட்ஜின் சொந்தக்காரர் அவருக்கு ஆறுதல் சொல்வார். இங்கே ஜெயித்த ஆறு கடிகாரம் வீட்டில் இருக்கிறது. (ஆறும் ஆறு நேரம் காட்டுமாம்.)

ஆறாவது கடிகாரம்தான் வில்லங்கம். இரண்டு மாதம் முன்பு அவருக்கு மெய்ச் சீட்டு வந்தது. அவர் மனைவி ஷீலா மாதா கோயில் பாடற்குழுவில் இருப்பவள். "நீங்க வாயை மட்டும் அசைங்கம்மா, போதும்" என்று குழுவை நடத்தும் பிரிட்டோ மாஸ்டர் அவளிடம் சொல்லிவிட்டார். அதைப் புருஷனிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள். மூன்று வருஷமாக இருவருக்குள் இருந்த அந்த ரகசியத்தை, இந்த மனிதர் மைக்கில் நடித்தே காட்டினார். ஜாஸ்மின் சீட்டைத் திறந்து, "மெய்" என்றாள். மறுநாள் பூசையில் மொத்தக் கோயிலும் பீடத்தைப் பார்க்காமல் ஷீலாவின் வாயைப் பார்த்தது. அன்றைக்கே அவள் நாவலூரில் தங்கையின் பிளாட்டுக்குப் போய்விட்டாள்.

(நானும் அன்று சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.)

3

முதல் இரண்டு படிகளில் இந்தப் பகுதி இல்லை. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். எனக்குத் தெரிகிறதே.

போன சனிக்கிழமை. சீட்டு எடுத்தாயிற்று. எனக்கு மெய். பத்து வாரத்தில் முதல் தடவை. வெளியே தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சவுரிமுத்து வந்து நின்றார்.

"அக்கா, உங்களுக்கு இன்னா வந்துது?"

"சொல்லக் கூடாது சவுரி."

"மூஞ்சியே சொல்லுது, மெய்தான். எனக்குக் குடுத்துடுக்கா. எனக்குப் பொய் வந்துகீது."

"எதுக்கு?"

"ஷீலா போனை எடுக்க மாட்டேங்குது. நேர்ல போனா செக்யூரிட்டி கேட்டுலயே நிறுத்திர்றான். ஆனா இந்த ப்ரோக்ராமை ஆப்புல கேக்குதாம், தங்கச்சி சொல்லிச்சு. நான் பேசறது அது காதுல வுழணும்னா இந்த மைக்குதான் கீது. பொய்ச் சீட்டை வெச்சிகினு சொன்னா நம்பாதுக்கா. நாளைக்குக் கோயில் திருவிழா. அதுக்குள்ள வந்துட்டா நல்லாருக்கும்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாமே."

அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

விதி விதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதியெல்லாம் இல்லை. எனக்குக் கடிகாரம் வேண்டியிருந்தது. ஒரு தடவையாவது என்னை நாலு பேர் நம்ப வேண்டியிருந்தது. எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

4

முதலில் சவுரிமுத்து பேசினார். டம்ளருக்கு அடியில் பொய்ச் சீட்டு. ஆகவே அவர் புளுக வேண்டும்.

"எங்க கோயில்ல ஒரு வாட்டர் கூலர் கீது. நான்தான் சர்வீஸ். மூணு வாரம் முன்னாடி அதோட கம்ப்ரஸரைக் கழட்டி வூட்டுக்கு எடுத்துகினு வந்துட்டேன். இன்னாப்பான்னு பிரிட்டோ மாஸ்டர் கேட்டாரு. ஷீலாவை வாயத் தொறந்து பாட வுடுங்க, மாட்டறேன்னேன். மே மாசம். மொத்தக் கோயிலும் சுடுதண்ணி குடிச்சிகினு கீது. நேத்துதான் மாஸ்டர் ஒத்துகினாரு."

ஏகநாதன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஜாஸ்மின் மேஜையைத் தட்டினாள்.

"ஷீலா, அன்னிக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாம் சிரிக்கறாங்களேன்னு சொல்லிட்டேன். தப்பு. வூட்ல பாத்திரம் கழுவச்சொல்லோ நீ பாடுவ இல்ல, அது சுருதி சேராதுதான். ஆனா அது இல்லாம எனக்குச் சோறு எறங்கல."

"சார், இந்த வாரம் கிளாஸ்" என்றாள் ஜாஸ்மின். "கண்ல தண்ணியே வந்துடுச்சு பாருங்க. நடிப்பு."

(இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்கலாம்: அவர் சொன்னது மெய் என்று உனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அந்த மூஞ்சியை நான்தான் பிரிட்ஜ் விஷயத்தில் சொன்னேனே. ஆனால் சீட்டைக் கேட்டு வந்து நின்றபோது அது வேறு மூஞ்சி.)

பிறகு நான். முகவரி தப்பி, தெரியாத ஒரு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போய், அரை மணி நேரம் அழுது, அவர்கள் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்த கதை. சத்தியமாக நடந்தது. ஏகநாதன் கடைசி. திருநீர்மலைப் படியில் ஒரு குரங்கு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு மூன்று நாள் திரிந்ததாம்.

5

முதல் நான்கு போன்: குரங்குக்கு இரண்டு. எனக்கு இரண்டு.

எனக்கு, இரண்டு. கடிகாரத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதுவரை போய்விட்டேன். சவுரிமுத்துவை யாரும் சீண்டவில்லை. இவ்வளவு நாள் அவர் புளுகியது அவ்வளவு நன்றாக இருந்தது; இனி அவர் எதைச் சொன்னாலும் புளுகுதான்.

ஐந்தாவது போன்.

"ஹலோ, நாவலூர்லேர்ந்து பேசறேன். ஷீலா."

சவுரிமுத்து எழுந்துவிட்டார். ஹெட்போன் ஒயர் இழுத்துக்கொண்டு மறுபடி உட்கார வைத்தது. யாரென்று ஜாஸ்மினுக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் நிகழ்ச்சி நிகழ்ச்சிதான்.

"சொல்லுங்க மேடம், யார் சொன்னது மெய்?"

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்றால் ஏதோ பழுதென்று ஆட்கள் ஓடிவருவார்கள்.

"மொதல்ல பேசினவர் சொன்னது."

"சவுரிமுத்து சாரா? நிச்சயமா?"

"நிச்சயமாத் தெரியல. நம்பறேன்."

"லைன்லயே இருங்க மேடம். சீட்டைத் திறக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளம்பரம்."

6

விளம்பரம் கடிகாரக் கடையுடையது. நாற்பத்தைந்து விநாடி. அதற்குள் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். இரண்டுக்கு இரண்டு சமம், மெய்ச் சீட்டு என்னிடம், ஆகவே கடிகாரம் எனக்கு. சவுரிமுத்துவின் டம்ளருக்கு அடியில் 'பொய்' என்று இருக்கிறது. திறந்ததும் ஷீலாவுக்காகக் கழுதை கத்தும். அவளை ஊர் சிரிக்க வைத்த அதே வானொலியில், அவரை நம்பியதற்காக இரண்டாம் தடவை.

முடிவு அ: நான் சீட்டுகளை மாற்றிவிட்டேன். (எழுதுகிறவள் தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளும் முடிவு. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: மாற்றவில்லை. கழுதை கத்தியது. ஷீலா போனை (இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.)

முடிவு இ: கரண்ட் போய்விட்டது. (முப்பது வருஷம் எழுதியதற்கு இதுதானா?)

என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஒன்பது வாரத்தில் அது தெளிவாகிவிட்டது. எங்கள் கூடத்தில் கடிகாரம் இருக்கிறதா என்று பார்க்கவும் வராதீர்கள். இருந்தால் கடையில் வாங்கினேன் என்று சொல்லிவிடுவேன்.

நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள், அந்த நடு நாற்காலிதான். உங்கள் டம்ளருக்கு அடியில் மெய். இடது பக்கம் அவருடையதற்கு அடியில் பொய். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். ஜாஸ்மின் பொத்தான்களைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள். ஏகநாதன் குரங்கை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருக்கிறார், எதையும் கவனிக்க மாட்டார். சவுரிமுத்து உங்களைப் பார்க்கவில்லை, போனையே பார்க்கிறார்.

விளம்பரத்தில் கடிகாரம் டிக் டிக் என்கிறது. ஷீலா லைனில் இருக்கிறாள்.