தெருமுனைவரை கேட்கும் கார்

தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் இடி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பது வருடம் நின்றதில் காது பாதி போய்விட்டது. போன காதுக்கும் சேர்த்துத் தொண்டை வேலை செய்தது. சாப்பிடும்போது உப்பு கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பு ஜாடியைத் தேடுவார்கள். அவருடைய காரும் அவருக்குச் சளைத்ததல்ல. ஐம்பது வருடத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். இளவயதில் அதற்குப் பெரிய இன்ஜின் மாற்றி, சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் ஒன்றைப் போட்டிருந்தார். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டு ஜன்னல் அதிரும்.

மனைவி படுக்கையில் விழுந்து ஐந்து மாதம். இனி மருந்தெல்லாம் வலிக்குத்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டில் சத்தம் வேண்டாம் என்றும் சொன்னார்.

"காருக்கு சைலன்சர் போட்டுடறேன்" என்றார் இடி, தனக்குத் தெரிந்த மெல்லிய குரலில்.

அவள் பதறிப்போய்த் தலையைத் தூக்கினாள். "வேணாங்க. அது அப்படியே இருக்கட்டும். அந்தச் சத்தத்துலதான் நீங்க வர்றது தெரியுது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டு தன் ஆசைக் காருக்காகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படித்தான் எடுத்துக்கொள்வார், பாவம்! அவளுக்குச் சொல்லாமலே வேலையை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

மகளைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் புருஷன் வீடு வேண்டாமென்று பெட்டியோடு வந்து நின்றாள். "இந்த வாசப்படியை மிதிக்காதே!" என்று இவர் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அத்தனை பேர் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்திருக்கிறார். முதல் வார்த்தை என்னவென்று தெரியாமல் கீழே வைத்திருக்கிறார்.

"சிங்கத்தைப் பிடிச்சுட்டு வந்து வாயைத் தைக்கச் சொல்றீங்களேண்ணே!" என்றார் சைலன்சர் கடைக்காரர்.

"தைங்க. என் பொண்டாட்டி தூங்கணும்."

நடுக்குழாயை அறுத்தார்கள். சல்லடையாகத் துளை போட்ட குழாயில் கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, பெட்டிக்குள் அடைத்து, இடையில் வைத்துப் பற்றவைத்தார்கள். பின்னால் பெரிய சைலன்சர் ஒன்று. ஓட்டிப் பார்த்தால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் காருக்குள் ஒரு ரீங்காரம். அதற்குக் கடைக்காரர் கை நீளத்துக்கு ஒரு குழாயை முனையை மூடிப் பக்கவாட்டில் பொருத்தினார். "சத்தம் இதுக்குள்ள போய் முட்டிட்டு வந்து, எதிர்ல வர்ற சத்தத்தையே அடிச்சுப் போட்டுடும்ணே." அப்படியே நடந்தது. மாலையில் கார் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு ஜன்னலும் அதிரவில்லை.

செருப்பை வெளியே விட்டு, கதவை மெதுவாகத் திறந்தார். உள்ளே மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. கூடவே இன்னொரு சிரிப்பு.

மகள் கட்டிலில் உட்கார்ந்து அம்மாவின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தினமும் படுக்கை விரிப்பு மாறியிருப்பதற்காகப் பக்கத்து வீட்டம்மாவிடம் நன்றி சொன்னபோது அந்தம்மா திருதிருவென்று விழித்தது இடிக்கு இப்போது விளங்கியது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். நகவெட்டி விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

உட்காரும்மா, போகாதேம்மா என்றுதான் சொல்ல நினைத்தார். வாயைத் திறந்ததும் தொண்டை பிரஸ் ஷாப்புக்கே போய், இடியாகத்தான் வந்தது.

"உட்காரு! எங்க போறே?"

அவள் தோள் தூக்கிப் போட்டது. "போயிடறேன்ப்பா, இதோ போயிடறேன்" என்று பின்வாசல் வழியாக இறங்கினாள். இவர் பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட அவள் நடை வேகமானது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

திரும்பி வந்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

"நான் திட்டலை. உட்காரத்தான் சொன்னேன்."

"எனக்குத் தெரியுங்க. அவளுக்கு எப்படித் தெரியும்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க வெளியே போனதும் வருவா. தெருமுனையில கார் சத்தம் கேட்டதும் என் கன்னத்தைத் தொட்டுட்டுக் கிளம்பிடுவா. அந்தச் சத்தத்தை நம்பித்தாங்க தினமும் வந்தா. இனிமே எதை நம்பி வருவா?"

அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். இன்னும் மூன்று விரல் பாக்கி இருந்தது. நகவெட்டியை எடுத்து, அவள் காலை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணீரில் நகம் எது, சதை எது என்று தெரியவில்லை.