விடுப்புக்குக் காரணம்

சட்டையின் காலரை இழுத்துப் பிடித்து அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அது அப்பாவின் சீருடை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்குள் தேய்த்து வைக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய மனிதரை வேறு உடையில் அனுப்பினால் அவருக்கே அடையாளம் தெரியாது என்று அத்தைகூட ஒத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம் பூரா போன் ஆஃப்ல இருந்துது" என்றான்.

"ஆஸ்பத்திரில இருந்தேன்."

"அது தெரியும். யார்கூட இருந்த?"

அவள் பதில் சொல்வதற்குள் மணிக்கட்டைப் பிடித்து, நிமிர்த்தி வைத்த இஸ்திரிப் பெட்டியின் அருகே கொண்டுபோனான். தொடவிடவில்லை. ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். உள்ளங்கையில் சூடு ஏறியது. அடுத்த அறையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். இப்போது கத்தினால் எல்லோரும் ஓடிவருவார்கள். அப்பாவுக்காகக் கத்துகிறாள் என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அவனும் அழுவான்.

பிறகு கையை விட்டான். "சும்மா" என்றான். "எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?" நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நாற்காலிகளை இறக்கப் போனான்.

காலையிலிருந்து அந்த வீட்டை அவன்தான் தோளில் தாங்கினான். நாற்காலிக்குச் சொன்னது, தண்ணீர் கேன்களைத் தூக்கிவந்தது, அம்மாவைக் கெஞ்சி அரை டம்ளர் காபி குடிக்கவைத்தது எல்லாம் அவன். பதினெட்டு வயசுக்கு என்ன பொறுப்பு என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாத குறையே தெரியவில்லையாம்.

அவனோடு பதினொரு மாதக் காதல், அம்மாவுக்கும் தெரியும். முதல் அறை பஸ் நிறுத்தத்தில் விழுந்தது, வகுப்பில் ஒருவனிடம் நோட்டு வாங்கியதற்கு. மறுநாள் தோழியிடம் சொன்னபோது அவள் பெருமூச்சு விட்டாள். தன் ஆள் எதையுமே கண்டுகொள்ள மாட்டான், நீ கொடுத்துவைத்தவள் என்றாள். சில நாள் அதை இவளும் நம்பினாள். கன்னத்தைக் கண்ணாடியில் பார்க்கும்போது கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பிறகு அம்மாவிடம் பாதி சொல்லிப் பார்த்தாள், அவன் கோபக்காரன் என்கிற அளவுக்கு. உங்கப்பாவும் ஒரு காலத்தில் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தவர்தான், போகப் போகச் சரியாகிவிடும் என்று அம்மா சிரித்தாள். மீதிப் பாதியை அவள் அம்மாவிடம் சொல்லவேயில்லை.

முந்தாநாள் சாப்பிடும்போது அப்பா அவள் கையைப் பார்த்தார். கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். எந்தக் கதவு என்று கேட்டார். அவளுக்குச் சட்டென்று ஒரு கதவும் நினைவுக்கு வரவில்லை. அவர் தலை குனிந்து சாப்பிட்டு முடித்தார்.

அப்பா வந்தார். பணிமனை ஆட்கள் நாலு பேர் சட்டையை மாட்டிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக அவரோடு ஒரே பஸ்ஸில் போன நடத்துநர், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியாகிவிட்டது. இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாராம். "மேல போற ட்ரிப்பையும் டயத்துக்கு எடுத்துட்டார்" என்று சொல்லிச் சிரித்தவர், முடிக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்சம் கழித்து நடத்துநர் அவளை மாடிப்படி ஓரமாக அழைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். மூன்று நாள் விடுப்புக்கான விண்ணப்பம். 'காரணம்' என்ற இடத்தில் 'உடம்பு சரியில்லை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, கீழே 'மகளோடு பேச வேண்டும்' என்று அப்பா எழுதியிருந்தார்.

"இப்படி எழுதினா எவன் லீவு குடுப்பான்னு கேட்டேன். பொய் எழுத வரலைன்னார்." நடத்துநர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஹாரன் கொஞ்ச நாளா சத்தமே இல்லாம இருக்கா, என்னமோ இருக்குன்னார். என்னம்மா விஷயம்?"

பிறந்த அன்று தெருவுக்கே கேட்கும்படி அழுததால் அப்பா அவளுக்கு வைத்த செல்லப்பெயர், ஹாரன். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தோளில் ஒரு கை விழுந்தது. பார்க்கிறவர்களுக்கு அது ஆறுதல் சொல்லும் கை. கட்டைவிரல் மட்டும் கழுத்தெலும்புக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் கொஞ்சம் அழுகைய நிறுத்தினா, மாமா" என்றான் அவன். தாளை அவள் விரல்களிலிருந்து மெல்ல உருவி, படித்துவிட்டு, மறுபடி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தான். "தொலைஞ்சிடப் போகுது. நான் வச்சிருக்கேன்."

நடத்துநர் அந்தக் கையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் அப்பாவைத் தூக்குவதற்கு ஒரு ஆள் குறைகிறது என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள்.

வண்டியில் அப்பாவை ஏற்றினார்கள். அம்மாவும் அத்தையும் இரண்டு பக்க பெஞ்சுகளில் ஏறிக்கொண்டார்கள். அவன் பைக்கைக் கொண்டுவந்து வண்டிக்குப் பின்னால் நிறுத்தினான்.

"நீ என்கூட வா."

"நான் அப்பாகூடப் போறேன்."

"உள்ள இடமில்ல. ஏறு."

"அந்தப் புள்ளதான் கூப்பிடுதுல்ல, பாப்பா. பைக்ல ஏறிக்கோ" என்று அத்தை உள்ளேயிருந்து சொன்னாள்.

அவளுடைய ஒரு கை வண்டியின் கம்பியில் இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, இவன் என்னை அடிக்கிறான்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இன்னைக்குப் பேசற பேச்சா இது என்று அத்தை முணுமுணுத்தாள். அவன் எல்லோரையும் பார்த்து, வருத்தமாகச் சிரித்தான். "பாவம், அதிர்ச்சில இருக்கா. காலைலேர்ந்து இப்படித்தான் ஏதேதோ பேசறா."

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

அம்மா அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு முட்டியை ஒடுக்கிக்கொண்டு பெஞ்சில் நகர்ந்தாள். ஒரு சாண் அகலம் வந்தது. அவள் ஏறி அதற்குள் உட்கார்ந்தாள். நடத்துநர் கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பியது. பின்கதவில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பைக் பின்னாலேயே வந்தது. பகல் வெளிச்சத்திலும் விளக்கைப் போட்டிருந்தான். முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. சிக்னலில் வண்டி நின்றால் நின்றான், திரும்பினால் திரும்பினான். விளக்கு வெளிச்சம் அப்பாவின் காலருக்கும் அவள் மடிக்கும் மாறி மாறி வந்துபோனது.

மூன்றாவது திருப்பத்தில் அம்மா எழுந்தாள். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடிப் போய், கதவோரம் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றாள். உட்காருங்க அண்ணி, விழுந்துடுவீங்க என்றாள் அத்தை. அம்மா உட்காரவில்லை. கண்ணாடியில் முக்கால்வாசி மறைந்தது.