ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாலிசி

இடது கைக்கு உறை ஏறவில்லை. ஜாஸ்பின் தம்பியின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெள்ளைத் துணிக்குள் நுழைக்கப் பார்த்தாள். கட்டை விரல் மட்டும் முரண்டு பிடித்தது. உயிரோடு இருந்தபோதும் லியோ அவள் பேச்சைக் கேட்டவன் இல்லை. நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தவர்கள் அதைத் துடைக்கவில்லை. முகத்தில் ஒரு கீறல் கிடையாது, ஹெல்மெட் அதை மட்டும் காப்பாற்றிக் கொடுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் கல்யாணக் கோட்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"நாலு மணிக்குப் பூசைம்மா. மூணரைக்கெல்லாம் பெட்டிய எடுத்துறணும்," என்றார் கோயில் உபதேசியார் அடைக்கலசாமி.

"ஒரு கைதான் பாக்கிங்க."

காலையிலிருந்து லியோ கிடந்த ஃப்ரீசர் பெட்டி காலியாகி ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் சரிவாக இருந்ததால் யாரோ அதன் காலுக்கு இரண்டு பலகைகளை அண்டை கொடுத்திருந்தார்கள். அந்தப் பலகைகளை ஆவூரில் எல்லோருக்கும் தெரியும். லியோவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக இருக்கும். ஊர் வேகத்தடையில் வயிறு தட்டும் என்று, இறங்கிப் பலகை போட்டு, ஏறி ஓட்டி, மறுபடி இறங்கிப் பலகையை எடுத்துக்கொண்டு போவான். சைக்கிளில் போகிறவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். கார் வந்த இரண்டாம் நாளே அதற்கு ஊரார் தவக்களை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

கத்தாரில் பன்னிரண்டு வருஷம் பணக்காரர்களின் கார்களைக் கழற்றிப் பூட்டியவன் அவன். ஊருக்கு வந்து கீரனூர் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்தான். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து இந்தப் பழைய காரை வாங்கினான். இத்தனை வருஷம் அடுத்தவன் காரைத் துடைத்தாயிற்று, ஒரு நாளாவது தன் காரை அது ஓட வேண்டிய வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. சென்னைப் பக்கம் ரேஸ் மைதானம் ஒன்றில் அதற்கு வழி இருந்தது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. கட்டணம் கட்டினால் அவரவர் காரை அவரவர் இஷ்டத்துக்கு விரட்டலாம். ட்ராக் டே என்று அதற்குப் பெயர்.

அவன் மனைவி ஸ்வீட்டி சம்மதிக்கவில்லை. கடைசியில் மகள் தலையில் கை வைத்துச் சொன்னான்: "இன்சூரன்ஸ் இல்லாம ட்ராக்ல எறங்க மாட்டேன். போதுமா?"

இன்சூரன்ஸ் என்றால் ஜாஸ்பின்தான். இருபது வருஷமாக அந்தச் சுற்று வட்டாரத்தில் டிராக்டரிலிருந்து டிவிஎஸ் வரை அவள்தான் பாலிசி போட்டுக் கொடுப்பவள். போட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். மெசேஜ் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆரம்பித்த பழக்கம் அது. அக்காவிடமிருந்து மணியடித்து நின்றால் பாலிசி போட்டாயிற்று, வண்டியை வெளியே எடுக்கலாம் என்று அர்த்தம். கறம்பக்குடி வரைக்கும் இதுதான் வழக்கம். லியோவின் பைக்குக்கும் வருஷா வருஷம் அப்படித்தான்.

அந்தக் காருக்கு ஏற்கெனவே ஒரு பாலிசி இருந்தது. ரோட்டில் மாடு முட்டினாலும் பணம் வரும். ஆனால் ரேஸ் மைதானத்துக்குள் சக்கரம் போய்விட்டால் அது வெறும் காகிதம். அங்கே ஓட்டும் நாளுக்கென்று, வண்டிக்கும் ஓட்டுகிறவனுக்கும் சேர்த்துத் தனியாக எழுத வேண்டும். ஜாஸ்பின் அந்த விண்ணப்பத்தை நிரப்பினாள், தம்பியிடம் கையெழுத்து வாங்கினாள், மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அனுப்பவில்லை. பாலிசி இல்லையென்றால் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். பத்து வயது மூத்தவள், அவனைத் தடுக்க வேறு வழி தெரியாமல் இதைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வாரமாக அவன் கேட்கும்போதெல்லாம், "கம்பெனில பாத்துக்கிட்டு இருக்காங்கடா," என்று சமாளித்தாள்.

சனிக்கிழமை அவன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். "பாலிசி வந்தா ஓட்டுறேன். வராட்டி அடுத்தவன் ஓட்டுறதப் பாத்துட்டு வாரேன்," என்றான்.

ஞாயிறு முதல் பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்ததும் அவளுக்கு மனம் உறுத்தியது. உண்மையைச் சொல்லி, ஓட்டப் போகாதே என்றுவிடலாம், திட்டினால் திட்டட்டும் என்று போன் போட்டாள். நெடுநேரம் அடித்தது. அவன் எடுக்கவில்லை. பார்த்துவிட்டுக் கூப்பிடுவான் என்று வைத்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்து மைதானத்திலிருந்து வேறு யாரோ கூப்பிட்டார்கள்.

கை உறை ஒருவழியாக ஏறியது. ஜாஸ்பின் அந்தக் கைகளைக் கோத்து ஜெபமாலையைச் சுற்றினாள். ஸ்வீட்டி பெட்டியின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மதினி, நீங்க மட்டும் இல்லாட்டி நானும் புள்ளையும் நடுத்தெருவுலதான்," என்றாள் மெதுவாக.

"என்னம்மா சொல்ற?"

"அந்த பாலிசியத்தான் சொல்றேன். அன்னைக்குக் காலையில போன் பண்ணுனாரு. 'அக்கா மிஸ்டு கால் குடுத்துருச்சு, பாலிசி போட்டாச்சு, இனி பயப்படாத'ன்னாரு. ஒனக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்திட்டேன்னு சொல்லிச் சிரிச்சாரு மதினி. அதுக்கப்புறந்தான் ஹெல்மெட்ட மாட்டுனாரு."

அவன் எடுக்காத அந்தப் போன் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் ஜாஸ்பினுக்கு உறைத்தது. எத்தனையோ பேருக்கு அடித்து விட்ட அதே மணி. அவன் ஏன் திருப்பிக் கூப்பிடவில்லை என்று இரண்டு நாளாக அரித்த கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. போகாதே என்று சொல்ல எடுத்த போனாலேயே அவனைப் போகச் சொல்லியிருக்கிறாள்.

கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. "கடைசியா முத்தம் குடுக்குறவுக குடுங்க," என்றார் உபதேசியார்.

கைப்பை அவள் தோளிலேயே தொங்கியது. உள்ளே அந்த விண்ணப்பம் இருந்தது. குனியும்போது கோட்டுக்குள் செருகிவிட்டால் ஆறடிக்குக் கீழே போய்விடும். அனுப்பினேன், கம்பெனிதான் இழுத்தடித்தது என்று சொல்லலாம். ஊர் நம்பும், ஸ்வீட்டியும் நம்புவாள். ஜாஸ்பின் பையைத் திறந்து காகிதத்தைத் தொட்டாள். தம்பியின் நெற்றியில் முத்தம் வைத்தாள். ஃப்ரீசரின் குளிர் இன்னும் போகவில்லை. காகிதத்தை வெளியே எடுக்காமலே நிமிர்ந்தாள். மூடியை வைத்துத் திருகினார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பி, கால் கழுவி, ஆளுக்கொரு காப்பி குடித்துவிட்டு உறவினர்கள் கிளம்பினார்கள். ஸ்வீட்டி வாசல் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் மகள் ஜாஸ்பினின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜாஸ்பின் விண்ணப்பத்தை எடுத்து ஸ்வீட்டியிடம் நீட்டினாள்.

ஸ்வீட்டி பிரித்துப் பார்த்தாள். லியோவின் கோணல் கையெழுத்து. மேலே மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. கம்பெனி முத்திரைக்கான கட்டம் காலியாக இருந்தது. அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பவே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப அன்னைக்குக் காலையில எதுக்கு அவருக்குப் போன் அடிச்சீங்க?"

"போகாதன்னு சொல்ல."

ஸ்வீட்டி காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். குனிந்து, தூங்கும் பிள்ளையை ஜாஸ்பினின் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஃப்ரீசர் பெட்டிக்காரர்கள் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பலகைகள் இரண்டும் வாசலில் கிடந்தன. அவற்றின் மேல் டயர் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது.

ஜாஸ்பினின் போன் அடித்தது. திருவரங்குளம் செல்லமுத்து. அவருக்குச் சாவுச் செய்தி தெரியாது போலிருக்கிறது.

"அக்கா, டிராக்டர் பாலிசி என்னாச்சுங்க? ஒங்க மிஸ்டு கால் வருதா வருதான்னு காலையிலேர்ந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கு நெல்லு ஏத்தணும்."

"இன்னும் போடலண்ணே," என்றாள். மறுபடி சொன்னாள். "போடல. நான் வாயால சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. மணியடிச்சா எடுத்துப் பேசுங்க. என்ன? எடுத்துப் பேசுங்கண்ணே."

"சரிங்கக்கா," என்று அவர் வைத்துவிட்டார்.

ஜாஸ்பின் எழுந்து பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, முன்பு கார் நின்ற இடத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள்.