அம்மாவுக்குப் புதுத் தேதி

பட்டு நூல் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று மதியம் நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் பாயில் தோமே. நான்கு வருஷம் பள்ளிக்கூடம் போனவள் என்பதால் மையும் தூரிகையும் அவளிடம். எதிரே முழங்காலை மடித்து ஷினோ. தூணில் சாய்ந்து இருமிக்கொண்டு ராக்கு. வாசலருகே, கூடத்திலிருந்த ஒரே நாற்காலியில், பூட்ஸைக் கழற்றாமல் மேற்பார்வையாளர் இவாசே. மற்ற பெண்கள் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள். சங்கு ஊதக் கால் மணி நேரம் இருந்தது.

கடிதம் ஒட்டுவதற்கென்று ஷினோ தன் கிண்ணத்திலிருந்து பத்துப் பருக்கைச் சோற்றை ஒதுக்கி வைத்திருந்தாள். விடிகாலையிலிருந்து வெந்நீர்த் தொட்டியில் பட்டுக்கூடுகளைத் துழாவிய விரல்கள் வெளுத்து ஊறிக் கிடந்தன. புழு வெந்த வாடை சோற்றிலும் இருந்தது.

கடிதத்துக்கு முன்னால் இவாசேயிடம் இன்னொரு தடவை லீவு கேட்டுப் பார்த்தாள்.

"ஐயா, ஆகஸ்ட் கடைசியில மூணு நாள் மட்டும்..."

"ஜூலை பதிமூணுலேருந்து மூணு நாள் ஆலைக்கே லீவு. அது போன் பண்டிகை லீவுதானே?"

"எங்க ஊர்ல பழைய பஞ்சாங்கம்தான் ஐயா. ஆகஸ்ட் கடைசிலதான் செத்தவங்க வீட்டுக்கு வருவாங்க. எங்கம்மா செத்தப்புறம் வர்ற முதல் போன் பண்டிகை இது."

அம்மாவின் காரியத்துக்கும் அவள் போகவில்லை. சாவுச் செய்தி ஆலைக்கு வந்து சேர்ந்தபோது ஏழாம் நாள் பூசையே முடிந்திருந்தது.

"அரசாங்கம் புதுப் பஞ்சாங்கம் கொண்டு வந்து பதினேழு வருஷமாச்சு," என்றார் இவாசே. "ரயிலு, தபாலு, பள்ளிக்கூடம், எல்லாம் அதுலதான் ஓடுது. உங்கம்மா மட்டும் ஓட மாட்டாங்களா?"

"செத்தவங்களுக்கு யாரு ஐயா அரசாணையைப் படிச்சுக் காட்டினது?" என்றாள் ராக்கு. சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது.

இவாசே அவள் பக்கம் திரும்பவில்லை. "ஆகஸ்டுல புதுக் கூடு வண்டி வண்டியா வந்து இறங்கும். அப்பப் போனா அப்படியே இருந்துக்க. உன் தொட்டிக்கு ஆள் காத்திருக்கு."

ஷினோ தலையைத் தாழ்த்திக் கும்பிட்டுவிட்டுத் தோமேயிடம் திரும்பினாள்.

"அண்ணனுக்கு எழுதுக்கா. ஜூலை பதிமூணு சாயங்காலம் அம்மாவுக்கு வழி தெரிய வாசல்ல சணல் தண்டு கொளுத்தச் சொல்லு. இருட்டுறதுக்குள்ள நான் கணவாய் தாண்டி வந்துருவேன்."

"ஊரே சும்மா இருக்கறப்ப உங்க வாசல்ல மட்டும் நெருப்பா? பிக்கு ஓத வருவாரா?" என்றாள் தோமே.

"வர மாட்டாரு."

"அப்ப உங்கம்மாவுக்கு எப்படிடி தெரியும், முன்னாடியே வரணும்னு?" என்றாள் ராக்கு.

ஷினோ பாயின் ஓரத்தைப் பிய்த்தபடி சொன்னாள்.

"அண்ணன் அம்மாவோட கல்லறைக்குப் போய்ச் சொல்லட்டும். இந்த வருஷம் ஒன்றரை மாசம் முன்னாடி வாம்மா, ஆலையில அப்பத்தான் விடுறாங்கன்னு. சத்தமாச் சொல்லட்டும். அம்மாவுக்கு வலது காது கேக்காது. இடது பக்கமா நின்னு சொன்னாத்தான் ஆகும்."

தோமே அதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினாள். "தேதி எந்தப் பஞ்சாங்கத்துல போடட்டும், புதுசுலயா பழசுலயா?"

"ரெண்டையும் போடுக்கா."

இவாசே கையை நீட்டினார். ஆலையை விட்டுப் போகும் கடிதமெல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் போகும். முழுக்கப் படித்தார். தோமேயின் தூரிகையை வாங்கி, பழைய பஞ்சாங்கத் தேதியை மட்டும் நேர்கோடாக அடித்தார்.

"ஆலைக் கடிதாசுல ஒரு தேதிதான்."

ஷினோ மடித்து உறையில் போட்டாள். காய்ந்து போயிருந்த பருக்கைகளைத் தண்ணீர் தொட்டு நசுக்கித் தடவி, பெருவிரலால் அழுத்தி ஒட்டினாள். சங்கு ஊதியது.

ஒட்டிய இடத்தில் அவள் விரல் பதிந்திருந்தது. அந்தத் தடத்தில் ரேகை ஒன்றுகூட இல்லை. அதன்மேல் ஆலை முத்திரையைக் குத்தி, இவாசே உறையைத் தபால் பைக்குள் போட்டார்.