காப்புக்கட்டுக்குக் கழுவிய தொட்டி

எனக்கு அழுக்கு ஆகாது. காப்புக்கட்டு வந்துவிட்டால் போதும், வீட்டில் எதையும் கழுவாமல் விடமாட்டேன். பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் செருகுகிற வீட்டில் பழைய அழுக்கு துளிகூட இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். இந்த வருஷம் என் மனைவி கனகம், கண் ஆபரேஷன் செய்துகொண்ட அக்காவுக்குத் துணையாகக் கொடுமுடிக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. காப்புக்கட்டுக்குப் பத்து நாள் முன்பே அவளுடைய மீன்தொட்டியில் கை வைத்தேன்.

அதில் இருப்பது இரண்டே ஏஞ்சல் மீன்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. பொட்டு அளவில் வாங்கி ஆறு வருஷமாக வளர்க்கிறாள். கல்யாணமான முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் பேசியதைவிட அதுகளிடம் பேசியது அதிகம். இரண்டையும் பக்கெட்டில் விட்டுவிட்டு, கூழாங்கல், கண்ணாடி, ஃபில்டரில் இருந்த கறுத்த ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து கழுவினேன். தொட்டி பளிங்காக நின்றது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மறுநாள் லேசான மங்கல். அதற்கடுத்த நாள் அரிசி களைந்த தண்ணீர். பாதியை மாற்றினேன், இன்னும் வெளுத்தது. மறுபடி மாற்றினேன், மீன்களே தெரியவில்லை. காந்திபுரத்தில் மீன்கடை வைத்திருக்கும் இனியாவிடம் ஓடினேன்.

"ஸ்பாஞ்சையும் கழுவிப்போட்டீங்களா, சார்?"

"பளபளன்னு."

"அய்யோ, அந்தக் கறுப்புலதானுங்க உசுரே இருந்துச்சு! மீன் கழிவு விஷமுங்க. அதைத் தின்னு தண்ணியக் காக்கற பூச்சிக, கண்ணுக்கே தெரியாது, கோடிக்கணக்குல அதுல குடியிருந்துச்சுங்க. கொழாத்தண்ணி குளோரின்ல எல்லாம் போச்சு. இப்ப வெள்ளையாத் தெரியறது அழுக்கில்லீங்க. காலி எடத்துல புதுசாப் பெருகற கூட்டம். அது அடங்கி, பழையபடி வேலைக்காரங்க குடியேறுனாத்தான் தெளியும்."

"மருந்து என்ன ஊத்தோணும், அம்மணி?"

"குளோரினை முறிக்க இந்தப் பாட்டில்ல பத்துச் சொட்டு. தீனி போடாதீங்க, காத்து மோட்டாரை நிறுத்தாதீங்க. அப்பறம் கைய வெக்காதீங்க. அதுதான் மருந்து."

கையை வைக்காமல் இருப்பதா! போன வருஷம் கனகம் எண்ணெய் ஏற்றிப் பழக்கிவைத்திருந்த தோசைக்கல்லை வெள்ளியாகத் தேய்த்து வைத்தவன் நான். ஆனாலும் சொட்டை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

காப்புக்கட்டு அன்று மத்தியானம் அவள் வந்தாள். பையை இறக்கும் முன்பே தொட்டியைப் பார்த்துவிட்டாள். அவள் கேட்பதற்குள் எல்லாவற்றையும் சொன்னேன், பூச்சிகளின் கதை உட்பட. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துத் தேடினாள். கறுப்பு ஒருதரம் கண்ணாடியை ஒட்டி வந்து மறைந்தது. வெள்ளை வரவே இல்லை.

"ஏனுங்க, வெள்ளை இருக்குதுங்களா?"

"தெரியலையே."

"கைய உட்டுப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாம் அம்மணி. அதுக வேலை செய்யட்டும்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெறும் தண்ணீர் என்று ஆறு வருஷமாக நான் நினைத்திருந்தது பஸ் ஸ்டாண்டைவிட நெரிசலான இடம். அதில் பிறப்பும் சாவும் என் மூக்குக்கு நேரே நடந்துகொண்டிருந்தன.

பொங்கலன்று காலை, வாசலில் பானை பொங்கிய பிறகு உள்ளே வந்தோம். தொட்டி தெளிந்திருந்தது. ஒவ்வொரு கூழாங்கல்லின் ரேகையும் தெரிந்தது. நான் கழுவிய அன்றைய பளபளப்பு இதன் கால்தூசிக்கு ஆகாது. தொட்டிக்குள் கிடந்த வேர்க்கட்டைக்குப் பின்னாலிருந்து வெள்ளை மெதுவாக வந்தது, வால் நுனி கிழிந்து, ஆனால் உயிரோடு. கறுப்பு கூடவே வந்தது. கோயிலில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றதில்லை.

கனகம் வெளியே போனாள். சூரியனுக்குப் படைத்ததில் கொஞ்சம் எடுத்து, துண்டு வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்து, தொட்டியின் முன்னால் வைத்தாள். பதறிப்போனேன்.

"மீனுக்குப் பொங்கல் ஆகாது, கனகம்."

"மீனுக்கில்லீங்க" என்றாள், ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பார்த்தபடி.