வாளி உதாரணம்

என் வீட்டுக்காரர் தானாகப் போய்ப் பாத்திரம் தேய்த்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் அந்தத் தொட்டிப் பக்கம் போனது கை கழுவ மட்டும்தான். அன்று சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, நுரை தரையெல்லாம் வழிய, முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"உங்க லைப்ரரி ஸ்கேனிங் வேலை எந்த வருஷம் வரைக்கும் வந்திருக்கு?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா என்று யாராவது சொன்னால் நான் நம்புவதே இல்லை. என் தங்கை எனக்கு சி.ஐ.டி. என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டுப் போகட்டும், அவள் வீட்டில் யாரும் சும்மா எதையும் கேட்பதில்லை போலிருக்கிறது.

நான் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். அவர் அதே வளாகத்தில் புவியியல் ஆசிரியர், இந்த வருடம் பேராசிரியர் பதவிக்குக் காத்திருப்பவர். மாணவர்கள் அவரை 'அடிக்கோடு' என்பார்கள். மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை "இதை அடிக்கோடு போட்டுக்கோங்க" என்பாராம். எனக்குத் தெரிந்தே அப்படிக் கூப்பிடுவார்கள், நானும் சிரித்துக்கொள்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புது மென்பொருள் வந்தது. ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளை அதில் ஏற்ற வேண்டும், மாணவர்கள் கட்டுரைகளை அதிலேயே கொடுக்க வேண்டும். எந்த வரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அது சிவப்பில் காட்டி, மொத்தம் எத்தனை சதவீதம் என்று போட்டுக் கொடுத்துவிடும். அதற்குத் தீனி போடுவது என் வேலை. நூலகத்திலுள்ள பழைய ஆய்வேடுகளை, புதியதில் தொடங்கிப் பின்னோக்கி, வருடம் வருடமாக ஸ்கேன் செய்து உள்ளே ஏற்ற வேண்டும்.

மாணவர்கள் ஒரே மாதத்தில் அதன் தலையில் மிளகாய் அரைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் காப்பியடித்த பக்கத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் வேறு சொல் போட்டான். முகத்துவாரம் என்று வர வேண்டிய இடமெல்லாம் 'மூஞ்சி ஓட்டை' என்று எழுதிக் கொடுத்தான், மென்பொருளும் இரண்டு சதவீதம் என்று சொல்லி அவனை வாழ்த்தி அனுப்பியது.

முரண்டு பிடித்ததெல்லாம் ஆசிரியர்கள்தான். ஒருவர் குறிப்பேட்டைப் படம் பிடித்துத் தலைகீழாக ஏற்றினார். இன்னொருவர் கடவுச்சொல்லை மாதம் மூன்று தடவை மறந்தார். எல்லாரையும்விட அதிகம் துள்ளியது என் வீட்டுக்காரர். "பாடம் வகுப்புல நடக்கணும். எழுதிக் கம்ப்யூட்டர்ல போட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று வீட்டில் ஒரு பாடு கத்தினார். அவருக்குத் தொழில் மேல் அத்தனை பற்று என்று நினைத்து நான்கூடப் பரிந்து பேசினேன்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. பதவி உயர்வு வேண்டுமானால் பாடக் குறிப்புகள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், அவற்றில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் பிறருடைய எழுத்து இல்லை என்று நூலகம் சான்று தர வேண்டும். அடுத்த வாரமே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். பாத்திரம் தேய்த்ததும் அதே வாரம்தான்.

அதன்பின் இரண்டு நாளுக்கு ஒருமுறை அதே கேள்வி. "எந்த வருஷம்?" ஒரு நாள் நூலகத்துக்கே வந்தார். அவர் அங்கே கால் வைத்து ஆறு வருடம் இருக்கும். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றார். ஆய்வேட்டு அலமாரிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் நின்றார். வரும்போது ஒட்டிக் கிடந்த தோள்பை போகும்போது புடைத்திருந்தது. அவர் படியிறங்கும்வரை காத்திருந்துவிட்டு அலமாரிக்குப் போனேன்.

யாருடைய ஆய்வையோ சுட்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இருபது வருடத்துக்கு முந்தைய தட்டில் ஒரே ஒரு இடைவெளி. பதிவேட்டில் எண்ணைத் தேடினேன். ஆற்று முகத்துவாரங்களில் வண்டல் படிவது பற்றிய ஆய்வேடு. எழுதியது நான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். என் எழுத்தை இப்போதாவது எடுத்துப் படிக்கத் தோன்றியதே என்று. நாங்கள் இருவரும் ஒரே துறையில்தான் படித்தோம். அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது, எனக்குக் குழந்தை பிறந்தது. அது நடக்கத் தொடங்கியதும் நூலக வேலைக்கு வந்தேன். என் ஆய்வைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, நான் உட்பட.

அந்தச் சந்தோஷம் மறுநாள் காலை பத்தரை மணிவரை இருந்தது. கணினி மேசையிலிருந்து ஒரு மாணவி கூப்பிட்டாள்.

"மேடம், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன். அடிக்கோடு... சாரி, சார் சொன்ன உதாரணத்தை எழுதினா சிவப்பு காட்டுது. எப்படி மாத்தி எழுதறது?"

திரையில் அவருடைய குறிப்பு திறந்திருந்தது. 'வாளியில் கலங்கல் தண்ணீரைப் பிடித்து அசையாமல் வைத்தால் முதலில் மணல் அடியில் போய் உட்காரும், பிறகு சேறு. காலால் வாளியை ஓர் உதை விட்டால் மறுபடி எல்லாம் கலங்கும். முகத்துவாரத்தில் கடல் செய்வது அந்த உதையைத்தான்.'

என் வாளி. வாடகை வீட்டுக் குளியலறையில், குழாயில் செம்மண் தண்ணீர் வந்த ஒரு நாளில், நான் குந்தி உட்கார்ந்து பார்த்த வாளி. அந்த உதைகூட நான் விட்டதுதான்.

"சூப்பர் உதாரணம் மேடம். எங்க அண்ணன் படிக்கும்போதும் சார் இதையே சொன்னாராம். சார் எப்படித்தான் யோசிக்கறாரோ!" என்றாள்.

அவள் எழுந்து போனதும் அதே நாற்காலியில் உட்கார்ந்து குறிப்புகள் அத்தனையையும் படித்தேன். அட்டவணை என்னுடையது. மூன்றாம் இயலில் நான் கூட்டலைத் தப்பாகப் போட்டிருந்தேன், அந்தத் தப்பும் அப்படியே இருந்தது. பாடத்தை வகுப்போடு விட்டுவிட அவர் ஏன் அத்தனை துடித்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஸ்கேனர் வந்த முதல் நாள் அதைப் பொருத்த வந்த தொழில்நுட்பக்காரர், "மேடம், கெட்டுப் போனாலும் பரவாயில்லைங்கற மாதிரி ஏதாவது ஒண்ணு குடுங்க, ஓட்டிப் பாத்துடலாம்" என்று கேட்டார். நான் என் ஆய்வேட்டைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்படி உருவான கோப்பு கணினியில் சோதனைக் கோப்புறையில் கிடந்தது, நான் பொத்தானை அழுத்தினால் உள்ளே போய்விடும். இரண்டு நாள் அழுத்தவில்லை. அவராக வாயைத் திறப்பாரா என்று பார்த்தேன். அவர் பாத்திரம் மட்டும் தேய்த்தார்.

மூன்றாம் நாள் அவருடைய விண்ணப்பம் வந்தது. நூலகர் தலைநிமிராமலே, "உங்க வீட்டுக்காரர் ஃபைல்தானே, நீங்களே பாத்துக் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார். முதலில் என் ஆய்வேட்டை உள்ளே ஏற்றினேன். பிறகு அவருடைய குறிப்புகளைச் சோதித்தேன். எண்பத்து மூன்று சதவீதம். அறிக்கையை அச்செடுத்துக் கவிழ்த்து வைத்தேன்.

மத்தியானம் சான்று வாங்க வந்தார். சீவிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். மூல ஆசிரியர் என்ற கட்டத்தில், என் அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயர் இருந்தது.

"இது எப்படி உள்ள வந்துச்சு? புக்கே அங்க இல்லையே!"

"இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இதபாரு, அந்தக் காலத்துல நாம ரெண்டு பேரும் பேசிப் பேசித்தானே எல்லாம் வந்துச்சு. உன்னுது என்னுதுன்னு எதுக்குப் பிரிக்கணும்? நான் ப்ரொஃபசர் ஆனா உனக்குப் பெருமை இல்லையா?"

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"இந்த மூலத்தை விலக்குன்னு ஒரு ஆப்ஷன் இருக்காமே. ஒரே ஒரு டிக். யாருக்குத் தெரியப் போகுது?"

இருந்தது. அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். பட்டியலில் மூன்று காரணங்கள்: மேற்கோள், ஆசிரியரின் சொந்த முந்தைய ஆய்வு, உரியவரின் அனுமதியுடன் பயன்படுத்தியது. பட்டியலைத் திறந்து மவுஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்களே போடுங்க."

மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். மூன்றாவதைத் தொட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவது. என் அனுமதியை அவர் கேட்டதில்லை. கேட்ட மாதிரி பாவனை செய்தாலே எனக்குப் போதும் என்றிருந்தது. அவ்வளவு மலிவாகத்தான் நான் விலை போகத் தயாராக நின்றேன், இப்போது நினைத்தால் என் மேல்தான் கோபம் வருகிறது. அவர் கண் மூன்றாவது வரிவரை போனதை நான் பார்த்தேன். அது திரும்பி மேலே வந்ததையும் பார்த்தேன்.

இரண்டாவதைத் தொட்டார். சொந்த முந்தைய ஆய்வு. எண்பத்து மூன்று அழிந்து ஆறு சதவீதம் என்று வந்தது.

"பாத்தியா, முடிஞ்சுது" என்று சிரித்தார்.

கவிழ்த்து வைத்திருந்த அறிக்கையை நிமிர்த்தி, எண்பத்து மூன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினேன். பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும் தட்டில் வைத்தேன். அவர் அதை எடுக்கக் கை நீட்டினார்.

"அதைத் தொடாதீங்க சார்" என்றேன். "அது என்னோடது."